எட்டு மணி பெப்பர்மின்ட்

மக்கள் மாத்திரையை ஏன் ஒழுங்காக விழுங்குவதில்லை என்று ஆறு வருடம் ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவளுக்கு வேலை மட்டும் வாய்க்கவில்லை. பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஒப்பந்தம் என்று இழுத்தடித்தார்கள். மருத்துவமனையில், "நீங்க டாக்டரா, இல்லையா?" என்று குழம்பினார்கள். சுகாதாரத் துறையில் படிப்பு அதிகம் என்று கைவிரித்தார்கள். அடுத்ததாக நேர்காணலுக்கு வந்து உட்கார்ந்தது, மாத்திரை டப்பாவுக்கு மின்னணு மூடி செய்யும் நிறுவனத்தில். மூடியைத் திறக்கிற நாளும் நேரமும் அதற்குள்ளேயே பதிவாகிவிடும்.

எதிரே மேலாளர் அம்மாள்; பக்கத்தில், மூடியைக் கண்டுபிடித்து நிறுவனத்தையும் தொடங்கிய பொறியாளர். மேலாளர் அவளுடைய ஆய்வேட்டின் பின்னிணைப்பைத் திரையில் போட்டார்.

"நூத்திப்பன்னெண்டு நாள், ஒரு நாள்கூட விடாம காலைல எட்டு மணிக்கு! இதைத்தான் விளம்பரத்துல போடப்போறோம். யாரும்மா இந்த மகராசன்?"

"எங்கப்பா. ஆய்வு தொடங்கறதுக்கு முன்னாடி, உங்க மூடி வேலை செய்யுதான்னு பாக்க அவர்கிட்ட குடுத்தேன். போன வருஷம் தவறிட்டார்."

இருவரும் தலை குனிந்தார்கள். அதோடு விட்டிருந்தால் வேலை மடியில் வந்து விழுந்திருக்கும். வாய் சும்மா இருந்தால்தானே!

"அதைப் போடாதீங்க மேடம். காரியமெல்லாம் முடிஞ்சு அவரோட சவரப் பெட்டியைத் திறந்தேன். நூத்திப்பன்னெண்டு மாத்திரையும் அதுல இருந்துச்சு. டப்பாவுல பெப்பர்மின்ட் போட்டு வச்சு, தினம் எட்டு மணிக்கு ஒண்ணு வாயில போட்டிருக்கார். நான் வேற பக்கத்துல நின்னு 'சபாஷ்ப்பா'ன்னு தட்டிக்குடுத்திருக்கேன். இப்பத் திட்டலாம்னா ஆள் இல்ல."

"அப்ப உங்க ஆய்வு?" என்றார் மேலாளர், குரல் இறங்கி.

"அதுல எல்லாருக்கும் ரத்தமும் எடுத்துப் பாத்தோம். ரத்தம் பெப்பர்மின்ட்டுக்கு மயங்காது."

மேலாளர் திரையை அணைத்தார். போச்சு, இதுவும் போச்சு என்று அவள் பையை எடுத்துக்கொண்டாள். பொறியாளரோ முகம் வெளுத்துப்போய் போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மாகிட்டயும் ஒண்ணு இருக்கு. நூத்துக்கு நூறு." சொல்லிக்கொண்டே அம்மாவை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார். "அம்மா, அந்த டப்பாவுல என்ன வச்சிருக்க?"

"மாத்திரைதான்டா. வேறென்ன வைப்பாங்க?"

"கொட்டிப் பாத்துச் சொல்லு."

மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு கலகலவென்று ஏதோ கொட்டியது.

"பட்டனு. ரெண்டு ஊசி. தினம் கையில டப்பாவோடதானே உக்காந்து தைக்கிறேன்... யாருடா உனக்கு வத்தி வச்சது?"

பொறியாளர் அவளைப் பார்த்தார். "டாக்டர் பட்டம் வாங்கின பொண்ணும்மா. இங்க புதுசா வேலைக்குச் சேந்திருக்காங்க."

மேலாளர் புருவத்தை உயர்த்தினார், மறுக்கவில்லை.

"போனை அந்தப் பொண்ணுகிட்ட குடு," என்றது குரல். "ஏம்மா, இவ்வளவு படிச்சுட்டு உனக்கு வேற வேலையே கிடைக்கலையா?"

"கிடைக்கலம்மா," என்றாள் அவள், கொஞ்சமும் கூசாமல்.

"சரி, நல்லா இரு. ஆனா எங்க வீட்டுப் பக்கம் மட்டும் வந்துடாதே."