கற்குவையும் கற்குவியலும்

மர்சலின் டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தால் கச்சேரி ரோட்டில் அச்சாகிற கல்யாணப் பத்திரிகைக்குக்கூட உதறல் எடுக்கும். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபின் ஷரஃபுதீனின் டி.டி.பி. கடையில் பிழை திருத்துகிறார். ஓர் ஒற்று விடுபட்டாலும் விடமாட்டார்.

அன்று காலை பத்தரைக்குப் புகழேந்தியின் போன் வந்ததும் உதறல் அவருக்கே எடுத்தது. செங்கல்பட்டுப் பக்கம் சரித்திரத்துக்கு முந்தைய புதைமேடுகளைக் கணக்கெடுத்து, அவற்றைக் காப்பாற்றக் கேட்டு அறிக்கை எழுதிய பையன் அவன். இந்தக் கடையில்தான் அச்சடித்தான்.

"டீச்சர், நான் கற்குவைன்னு எழுதினேன். செத்தவங்களைப் புதைச்சு மேல கல் அடுக்கின மேடு. புக்குல எல்லா இடத்துலயும் கற்குவியல்னு வந்திருக்கு. சும்மா குவிஞ்சு கிடக்குற கல்லுதானேன்னு, மனை போடறவங்களை அள்ளிக்கச் சொல்லிட்டாங்க ஆபீசுல. பன்னண்டு மணிக்கு ஜேசிபி இறங்குது. நான் சரியா எழுதினதுக்கு ஆதாரம் கேக்குறார் தி. நகர் ஆபீசர்."

அப்படி ஒரு சொல் இருப்பதே மர்சலினுக்குத் தெரியாது. கற்குவியலைத்தான் தப்பாக எழுதியிருக்கிறான் என்று பதினேழு இடத்தில் திருத்தியிருந்தார், அதுவும் பெருமையாக. சிவப்பு மையில் திருத்திய அந்த புரூஃப் தாள்கள் அலமாரியில் இருந்தன.

"இன்னாத்துக்கு டீச்சர் பயந்துகினு? கம்ப்யூட்டர் மேல பழியப் போட்ருங்க" என்றார் ஷரஃபுதீன்.

"கம்ப்யூட்டர் சிவப்பு மையில எழுதுமா, பாய்?"

தாள்களை உருவிக்கொண்டு ஆபீசருக்குக் காட்டக் கிளம்பினார். தி. நகரில் ஆட்டோ நகரவே இல்லை. 'அருள் நிறைந்த மரியே' இரண்டு முறை பாதியில் மறந்துபோனது. பனகல் பார்க்கில் இறங்கி, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். அறுபத்திரண்டு வயதில் அது ஓட்டமா என்று கேட்கக் கூடாது.

அதிகாரி தனபாலன் தாள்களைப் புரட்டினார். "யார் கையெழுத்தும்மா இது?"

"என்னுது சார். தம்பி சரியாத்தான் எழுதியிருக்கார். தப்பு நான் பண்ணது."

முப்பது வருடம் அடுத்தவர் தப்பையே சொல்லிப் பழகிய வாய்.

தனபாலன் உடனே போன் போட்டார். ஸ்பீக்கரில் ஜேசிபிக்காரர் கேட்டார்: "ஏற்கெனவே ரெண்டு வாட்டி அள்ளிட்டோம் சார். உள்ள பானை ஓடா வருது. இன்னா பண்றது?"

"நிறுத்துய்யா!"

அந்த இரண்டு வாட்டி அள்ளியது இனித் திரும்பி வராது.

தனபாலன் தடை உத்தரவை அடித்து நீட்டினார். "சரியா இருக்கான்னு பாருங்கம்மா."

'மேற்படி கற்குவியலை அகற்றக் கூடாது' என்று இருந்தது.

மர்சலின் சிவப்புப் பேனாவைத் திறந்தார். மூடிவிட்டுப் புகழேந்திக்குப் போன் போட்டார்.

"தம்பி, அந்தச் சொல்லை ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."