ஒன்றரை அடிக் குழி

1

இக்கதை எனக்குச் சொந்தமானதன்று. வெள்ளிக்கிழமை, காரைப் பின்னோக்கிச் செலுத்தும் பாடத்தின் நடுவே, ஓட்டுநர் பயிற்சியாளர் இதை என்னிடம் ஒப்படைத்தார். ரிவர்ஸ் கியர் போடுமுன் ஒவ்வொரு முறையும் என்னைக் கீழே இறக்கி, வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க வைப்பார்.

"கண்ணாடிதான் இருக்கே மாஸ்டர், எதுக்கு இறங்கணும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் எஞ்சினை அணைத்தார்.

பத்து நாள்களுக்கு முன், தம் வீட்டு வாசலில், அவர் இறங்கிப் பார்க்கவில்லை. மனைவியின் பூனை பின்சக்கரத்தின் நிழலில் படுத்திருந்தது. மனைவி வேலைக்குப் போயிருந்த நேரம். வண்டி துடைக்கும் மஞ்சள் துணியில் அதைச் சுற்றித் தோட்டத்து மூலையில் புதைத்தார். மாலையில் மனைவியோடு சேர்ந்து தெருத்தெருவாகத் தேடவும் போனார்.

"சொல்லாம மறைச்சது கூட பரவால்ல சார். அதைக் கூப்பிட்டுக்கிட்டே நடந்தேன் பாருங்க, அதத்தான் தாங்க முடியல."

மனைவி இப்போது தேடுவதை விட்டுவிட்டார். பூனையின் நினைவாகச் செம்பருத்திச் செடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். ஞாயிறு காலை நடப்போகிறார். இடமும் பார்த்தாயிற்று. தோட்டம் முழுவதும் கல்லாய் இறுகிக் கிடக்க, ஒரு மூலையில் மட்டும் மண் பொலபொலவென்று இருக்கிறதாம்.

"நீங்க எழுதுறவராச்சே. எப்படிச் சொல்றதுன்னு எழுதிக் குடுங்க. மனப்பாடம் பண்ணிச் சொல்லிடறேன்."

2

முதல் தொடக்கம்: காலைக் கதிரவன் தன் பொற்கரங்களால் தோட்டத்தைத் தழுவிய வேளையில் –

(நீக்கப்பட்டது. கதிரவனுக்கு இங்கு வேலையில்லை.)

இரண்டாம் தொடக்கம்: அவர் நல்லவர், ஆயினும் –

(ஆயினும் என்ற சொல்லுக்குப் பின் எதை எழுதினாலும் தீர்ப்பாகிவிடுகிறது.)

மூன்றாம் தொடக்கம்: குழி ஒன்றரை அடி ஆழம் வேண்டும் என்று செடி விற்றவர் சொல்லியிருந்தார். பூனை கிடப்பதோ இரண்டடிக்குக் கீழே.

[அளந்தாரா என்று கேட்டேன். "கைய விட்டுப் பார்த்தேன் சார். முழங்கை வரைக்கும் போச்சு. ரெண்டடி இருக்காது?" என்றார். ஒரு முழம் ஒன்றரை அடிதான். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.]

3

மூன்றாவதையே தொடர்ந்து எழுதினேன்: ஞாயிறு காலை, மனைவி மண்வெட்டியை ஓங்கினார். பயிற்சியாளர் செடியை ஏந்தி நின்றார். மனைவியின் அண்ணன் வேடிக்கை பார்க்க நாற்காலியோடு வந்திருந்தார்.

"என்ன மாப்ள, ஸ்டியரிங் பிடிக்கிற கை மண்வெட்டி பிடிக்காதோ?"

"அவர விடுண்ணா. ஒரு வாரமா ஒழுங்கா சாப்பிடவே இல்ல. என்னைவிட அவருக்குத்தான் துக்கம்."*

முக்கால் அடி. ஓரடி.

"போதும்மா."

"எங்க போதும்? வேர் மடங்கிடும்."

"இந்த இடம் வேணாமே. அந்தப் பக்கம் வெச்சிக்கலாம்."

"அங்க கடப்பாரையே இறங்காது. இங்கதான் யாரோ நமக்குன்னே கொத்தி வெச்ச மாதிரி…"

மனைவி நிறுத்தினார். குழியைப் பார்த்தார். பிறகு, செடியைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார்.

"இந்தாங்க. மீதிய நீங்க தோண்டுங்க."

* இவ்வரியை முதலில், 'அண்ணா, என் கணவரின் துயரம் அளவிடற்கரியது' என்று எழுதியிருந்தேன். சனிக்கிழமை பாடத்தில் அவருக்குப் படித்துக் காட்டினேன். "என் பொண்டாட்டி என்ன சார், மேடையிலயா பேசறா?" என்று சிரித்தார். "அவ இப்படித்தான் சொல்லுவா" என்று மேலே உள்ள வரியை அவரே சொன்னார். சொல்லி முடித்தபின், நான் திரும்ப வேண்டிய இரண்டு தெருக்களைக் கவனிக்காமல் கடக்கவிட்டார்.

4

இவ்விடத்தில் மனைவியின் மீது எனக்கு ஐயம் எழுகிறது. கை வலித்து மண்வெட்டியைக் கொடுத்தாரா? தெரிந்தே கொடுத்தாரா? அவரைப் படைத்தவன் நான்; எனக்கே தெரியவில்லை.

பயிற்சியாளரிடம் மூன்று முடிவுகளை வைத்தேன்.

அவர் மேலோட்டமாகத் தோண்டி நட்டுவிடுகிறார். செடி பூக்கிறது. முதல் பூவை மனைவி அவரிடமே தருகிறார். ("வேணாம் சார்.")

மண்வெட்டியின் நுனியில் மஞ்சள் துணி சிக்குகிறது. (காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.)

மண்வெட்டியை வாங்குமுன் அவர் சொல்கிறார்: "நான் இறங்கிப் பார்க்கல."

"இவ்வளவுதானா சார்? மூணே வார்த்தையா?"

"மிச்சத்த அவங்களே கேப்பாங்க மாஸ்டர்."

அவ்வரி எழுதிய தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். உடனே வெளியே எடுத்தார்.

"இதுக்கு அவ என்ன சொல்லுவா? அதையும் எழுதிடுங்களேன்."

"அவங்க பேச்சத் திருத்தினது நீங்கதானே. நீங்களே சொல்லுங்க."

அவர் தாளை என்னிடமே நீட்டினார்.

5

இன்று ஞாயிறு. இந்நேரம் மண்வெட்டியை எடுத்திருப்பார்கள். தாளில் அவருடைய வரிக்குக் கீழே ஓரிடத்தைக் காலியாக விட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், இங்கும் விடுகிறேன். வாசகரே, உங்கள் வீட்டில் உள்ளவர் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நிரப்புங்கள். அவசரம் வேண்டா, முதலில் இறங்கிப் பாருங்கள்.

மனைவி சொன்னார்: "