ஏரோதுக்கு அகப்படாத மரம்

கொழும்பு வெள்ளவத்தைப் புடவைக்கடைக்காரர் நாகேந்திரத்தாரின் நித்திரையை அந்த மார்கழியில் கெடுத்தது ஒரு கட்டுத் துணி. பச்சையில் மண்ணிற இலை போட்டது. ஆமிக்காரரின் உடுப்புத் துணி போலவே இருந்தது. பக்கத்துக் கடைப் புவாத், "கர்ட்டனுக்கு நல்லாப் போகும்" என்று தலையில் கட்டிவிட்டிருந்தார். சண்டைக் காலத்தில் அதை விற்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். செக்கிங் வந்தால் கட்டோடு அவரையும் ஏற்றிப் போவார்கள்.

அப்படியிருக்க, கொட்டாஞ்சேனையிலிருந்து பிலோமினா ரீச்சர் வந்தார். கரோல் பாடும் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைக்க வெள்ளைத் துணி வேண்டுமாம்.

"என்ன பாட்டு, ரீச்சர்?"

"எங்கட மாதா கோயிலில பரம்பரையாப் பாடுறது. ஏரோது ராசாவின்ர சேவகர் குழந்தை யேசுவைக் கொல்லத் தேடி வருகினம். ஒரு மரம் கிளையைத் தாழ்த்தி, இலையால மூடி ஒளிச்சு வைக்குது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைப் பிடிச்ச காலத்தில கட்டினதெண்டு சொல்லுவினம். மரமெண்டால் மரமில்லை, பாதிரிச் சுவாமியாரை ஒளிச்சு வைச்ச சனம்."

நாகேந்திரத்தார் சைவர். ஆனால் நல்ல சரக்கு எந்தச் சமயத்தில் கிடந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

"அப்ப வெள்ளை என்னத்துக்கு? இதைப் பாருங்கோ. பச்சை, வாடாத விசுவாசம். மண்ணிறம், ஆண்டவர் பிறந்த தொழுவம்."

"இந்தக் கறுப்புப் புள்ளி?"

"அது ஏரோதின்ர மனசு. அதுக்கு நான் காசு எடுக்கேல்லை."

ரீச்சர் கட்டோடு எடுத்துப் போனார். நாகேந்திரத்தார் அன்று குறட்டை விட்டார்.

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய கிழமை ஒரு பின்னேரம், நன்றி சொல்லவென்று ரீச்சர் பாடகர் கூட்டத்தையே கடை வாசலுக்குக் கொண்டு வந்துவிட்டார். பிள்ளைகள் எல்லோரும் தலை முதல் கால் வரை அந்த இலை. வரிசையாக நின்று பாடத் தொடங்கினார்கள். காலி வீதியில் போன பஸ் தானாகவே நின்றது. சனம் யன்னலால் அடையாள அட்டைகளை நீட்டியது.

சந்தியில் காவல் நின்ற ஆமிச் சார்ஜன் நடந்து வந்து, என்ன பாட்டு இது என்று சிங்களத்தில் கேட்டார்.

ரீச்சர் பயமறியாதவர். "குழந்தையைக் கொல்ல வந்த சேவகரைப் பற்றி," என்று தொடங்கினார்.

"கொல்ல இல்லை சேர், விசாரிக்க," என்று குறுக்கே விழுந்தார் நாகேந்திரத்தார்.

"கொல்லத்தான்."

"ரீச்சர், கொஞ்சம் குறையுங்கோ."

"சுவிசேஷத்தில குறைக்கேலாது."

"சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். அடையாள அட்டை பார்க்க வந்தவை."

சார்ஜன் கையை உயர்த்தினார். அவர் சிலாபத்துக் கத்தோலிக்கர், தமிழும் தெரிந்தவர். "இந்தப் பாட்டு எங்க ஊர்லயும் இருக்கு. நீங்க பாடுறது பிழை. சும்மா நின்று பாடுறதில்லை, நடிக்கணும். மரம் எங்க? சேவகன் எங்க?" பிறகு கேட்டார், "இந்தத் துணி யார் குடுத்தது?"

பிள்ளைகள் எல்லோரும் ஒரே பக்கம் கை காட்டினார்கள்.

நாகேந்திரத்தாரை, ரீச்சர் திருப்பிக் கொண்டு வந்திருந்த மிச்சத் துணியால் போர்த்தி, இரு கையையும் கிளையாக விரித்து நிறுத்தினார்கள். கமக்கட்டுக்குள் குழந்தை யேசுவாக ஒரு பொம்மை. சார்ஜன் தோளில் கிடந்த துவக்கைத் தன் ஆளிடம் கொடுத்துவிட்டு, கட்டைக் குரலில் பாடிக்கொண்டே இலைக்குள் தேடத் தொடங்கினார். சட்டைப்பை, முதுகு, இடுப்பு. மாதம் முழுக்க நாகேந்திரத்தார் பயந்த செக்கிங் இதுதான். அது இப்போது தாளத்தோடு நடந்தது. இடுப்பில் கை பட்டதும் கூச்சம் தாங்காமல் மரம் சிரித்துவிட்டது.

பாட்டு நின்றது.

"முதலாளி, மரம் சிரிச்சா பிள்ளை அகப்பட்டுடும்," என்றார் சார்ஜன், முகத்தைச் சுளித்தபடி. "திரும்ப முதல்ல இருந்து."