எமிலின் கை

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு புகைப்படம். ஸ்விட்சர்லாந்தின் மலையூர் ஒன்றில், ஸ்டுடியோவின் கண்ணாடி ஜன்னலில் அதைப் பார்த்தேன். பிறகு அந்த ஊரிலேயே பல வருடம் குடியிருந்தேன். ஆனாலும் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று சந்தேகம். கூட்டத்தில் நிற்கும் எமிலின் தொப்பி பழுப்பு நிறம் என்று மனம் சொல்கிறது. (கறுப்பு வெள்ளைப் படத்தில் அதை எப்படிக் கண்டேன்?)

கை கீழே இருந்தது. அது நிச்சயம்.

2

முதல் தொடக்கம்: 'ஏப்ரல் வெயிலில் ஆயிரம் வாள்கள் மின்ன...'

வேண்டாம். அங்கே வாள் மின்னுவதில்லை. அது வாக்குரிமையின் அடையாளம். ஆண்கள் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு, கயிறு கட்டிய சதுக்கத்துக்குள் நின்று, எல்லோரும் பார்க்கக் கையை உயர்த்தி வாக்களிப்பார்கள். பெண்கள் கயிற்றுக்கு வெளியே நிற்பார்கள். மறுபடி:

பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்றவர்கள் கை உயர்த்திய கணத்தை, ஸ்டுடியோ நடத்திய ஒட்டிலியா, சதுக்கத்தோரத்து விடுதி ஒன்றின் மாடி ஜன்னலிலிருந்து படம் எடுத்தாள். கைகள் போதவில்லை, கோரிக்கை தோற்றது. இருட்டறையில், மருந்தில் மிதந்த தாளில் அந்தக் கைகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. தன் கணவன் எமிலின் கைக்காகக் காத்திருந்தாள். தாள் கறுத்துப் பாழாகும்வரை காத்திருந்தாள்.

3

"தூக்குறேன்னுதானே சொன்ன?"

"பக்கத்துல முதலாளி நின்னாரு, ஒட்டிலி."

"இடுப்புல வாளு வேற. எதுக்கு, சீஸ் வெட்டவா?"

(எமிலுக்குப் பாலாடைக்கட்டிக் கிடங்கில் வேலை. அவனைக் கோழையாக எழுதுவது சுலபமாக இருக்கிறது. அதனாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை.)

இன்னொரு பிரதி எடுத்து ஸ்டுடியோ ஜன்னலில் மாட்டினாள். பெண்கள் சங்கத்துத் தோழி மெக்தில்ட் வந்து பார்த்தாள்.

"ஏன்டி, குளிருதுன்னு உன் ஆளு கை மட்டும் பாக்கெட்லயே இருந்துடுச்சா?"

எமில் அந்த வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போக வேண்டும். படத்தை எடுக்கச் சொல்லி அவன் ஒருநாளும் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை, வெளியே நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன பண்ற?"

"அழுக்கா இருந்துச்சு. படம் சரியா தெரியல."

4

அதே கேள்வி மறுபடி சதுக்கத்துக்கு வந்தது. ஒட்டிலியா அதே ஜன்னலில் நின்றாள். "வேண்டும் என்பவர்கள்!" என்று குரல் எழுந்ததும், கேமராவைக் கயிற்றுக்கு வெளியே நின்ற பெண்கள் பக்கம் திருப்பினாள். அந்தப் படத்தில் கைகளே இல்லை. மெக்தில்டின் வாய் திறந்திருக்கிறது, யாருடைய கழுத்துத்துணியோ காற்றில் பறக்கிறது. வென்றுவிட்டார்கள் என்று அந்த முகங்களே சொல்லிவிடும்.

முடிவு ஒன்று: எமிலின் கைதான் முதலில் எழுந்தது. (மிகை.)

முடிவு இரண்டு: எழவே இல்லை, அவன் தயவில்லாமலே வென்றார்கள். (இதுவும் பிடித்திருக்கிறது.)

முடிவு மூன்று: முதலாளியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, எமில்...

அன்று இரவுச் சாப்பாட்டில் அவன் கேட்டான்: "என்னைப் பாத்தியா?"

"இல்ல. வேலையா இருந்தேன்."

அவன் சிரித்தான். அதை வைத்துக்கொண்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

மெக்தில்ட் பிறகு ஊர் மன்றத்தில் உறுப்பினரானாள். முதலாளி கிடங்கை விற்றுவிட்டு மகளோடு போய் இருந்தார். எமில் ஓய்வு பெற்றான். ஒட்டிலியா, வென்றதற்கு அடுத்த வருடமே, கேமராவை வீட்டில் வைத்துவிட்டு, கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். கை காலியாக இருக்க வேண்டியிருந்தது.