இரண்டு கொட்டாவி

முதல் நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் சாக்கை விரித்து, குளிர்ந்து நின்ற பிக்கப்பின் அடியில் படுத்து, பெற்றோல் டேங்கில் காதை வைத்தார். நான் டிரைவர் சீட்டில் இருந்தேன்.

"சாவிய பாதி திருப்பு ஜீவா. ஸ்டார்ட் பண்ணிறாத."

திருப்பினேன். டேங்குக்குள் பம்ப் கொஞ்ச நேரம் முனகிவிட்டு நின்றது.

"ஒரு கொட்டாவி. அணைச்சிட்டு இன்னொரு தரம்."

மறுபடியும் முனகியது.

"ரெண்டாவது. இப்ப எழுப்பு."

எஞ்சின் உடனே பிடித்தது.

"பம்புல உள்ள வால்வு தான். வண்டி நின்னா பெற்றோலு டேங்குக்கே எறங்கிருது. ஞாயித்துக்கிழமை றினாஸ்கிட்ட குடுத்து மாத்திருவோம். அதுவரைக்கும் ஒங்கப்பா மாதிரி, ரெண்டு கொட்டாவி விட்டாத்தான் எந்திரிக்கும்."

"எங்கப்பாவ இழுக்காட்டி ஒங்களுக்கு வண்டி ஓடாதே" என்றேன்.

தெரணியகலைப் பக்கத்துச் சிறுதோட்டங்களின் தேயிலைக் கொழுந்தை ஃபெக்டரிக்கு ஏற்றுவது அவர் வேலை. மறுநாள் மேல்மலையில் குளவிக்கூடு கலைந்தது. கொழுந்தெடுத்த பெண்களைப் பிக்கப்புக்குள் தள்ளிக் கதவை அடைத்தவர், தான் வெளியே நின்றுவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவரைக் கொண்டுபோன அவருடைய அண்ணன் ஐயாவு, எஞ்சின் சூடு ஆறுமுன் ஒரே திருப்பில் பிக்கப்பை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டார். அதனால் அதன் பழக்கம் என்னைத் தவிர யாருக்கும் தெரியவில்லை.

அடக்கத்தன்று மழை. பாதை சறுக்கியதால் தோளில் சுமக்க முடியாது என்றார்கள். தோட்டத்தில் எத்தனையோ பேரின் பெட்டியை அதே பிக்கப்பில் கொண்டுபோனவர் அவர். அவரையும் அதிலேயே ஏற்றினார்கள்.

ஐயாவு சாவியைத் திருப்பினார். பிடிக்கவில்லை. மறுபடி, மறுபடி. தப்பு அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"தள்ளு கரமு" என்று சிங்களத்தில் தள்ளக் கூப்பிட்டான் ஃபெக்டரியிலிருந்து வந்த ஒருவன்.

"இந்த மேட்டுலயா தள்ளுவ? பெட்டி சரிஞ்சா நீயா புடிப்ப?"

"கஜேந்திரன் கைய விட்டா வேற கைக்கு அது வராது" என்று யாரோ சொல்ல, இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். அதற்குள் ஒரு குரல், "அவனுக்குப் போக மனசில்லப்பா" என்றது. பெண்கள் ஓலமிட்டார்கள். அவர் தங்கை சுமித்ரா பிக்கப்பின் மேல் ஏறிப் பெட்டியைக் கட்டிக்கொண்டாள்.

எனக்குத் தெரியும். பெற்றோல் ஏறவில்லை, அவ்வளவுதான். ஆனால் தலைவிரி கோலமாக உட்கார்ந்துகொண்டு அதை எப்படிச் சொல்வது? புருஷன் பெட்டியில் கிடக்கும்போது பம்பைப் பற்றி யோசிக்கிறாளே என்று எனக்கே கூச்சமாக இருந்தது. ஸ்டார்ட்டரின் சத்தம் சோர்ந்துகொண்டே வந்தது. பற்றரியும் இறங்கிவிட்டால் அவர் மழையில் கிடப்பார்.

சுப்பம்மா அத்தை என் தோளைத் தொட்டார். "நீ வந்து ஒரு வார்த்த சொல்லு ஜீவா. அப்பத்தான் போவான்."

எழுந்தேன். எல்லாரும் பெட்டியருகே வழிவிட்டார்கள். நான் முன்கதவுக்குப் போனேன்.

"கொஞ்சம் எறங்குங்க" என்றேன். ஐயாவு இறங்கினார்.

பாதி திருப்பினேன். முனகி நின்றது. அணைத்து மறுபடியும் திருப்பினேன். அதுவும் நின்றது. பிறகு எழுப்பினேன். பிடித்துக்கொண்டது.

நான் சிரித்துவிட்டேன். பல் தெரியச் சிரித்தபடி, "பிடிச்சிருச்சு" என்று அவரிடம் சொல்லத் திரும்பினேன். பின்கண்ணாடிக்கு அப்பால் பெட்டி இருந்தது. அதன் மேலிருந்து சுமித்ரா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா, அவ வந்தோன்ன கெளம்பிட்டான்" என்று வெளியே கைகூப்பினார்கள். நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு இறங்கினேன்.

காரியம் முடிந்த அன்று பாத்திரம் கழுவும்போது சுமித்ரா கேட்டாள். "என்ன நெனச்சு சிரிச்சீங்க அண்ணி?"

"வண்டி பிடிச்சிருச்சுன்னு."

அவள் கழுவிய சட்டியையே மறுபடியும் கழுவினாள். அவர் வண்டிக்கு அடியில் படுத்துக் காதை வைத்திருப்பதாக அந்த ஒரு நிமிஷம் எனக்கு இருந்தது என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. பிறகு அவள் என் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

றினாஸ் பம்பை மாற்றிக் கொடுத்தார். "வால்வு தான் அக்கா போயிருந்திச்சு. இனி ஒரே திருப்பு."

"வால்வுமில்ல மண்ணுமில்ல" என்றார் ஐயாவு. "தம்பி போக மனசில்லாம நின்னான். ஜீவா வந்துதான் அனுப்பிவச்சா."

றினாஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சரி அண்ணே" என்று சாவியைக் கொடுத்தார்.

இப்போது கொழுந்து ஏற்ற ஐயாவுதான் போகிறார். விடியற்காலைக் குளிரிலும் ஒரே திருப்பில் எழுந்துவிடுகிறது. நான் குசினியில் அடுப்பைப் பற்றவைத்தபடி நிற்பேன். எஞ்சின் எழுவதற்கு முன்னால் டேங்குக்குள் பம்ப் ஒரு தரம் முனகுகிறது. என் காது இரண்டாவது கொட்டாவிக்குக் காத்திருக்கும்.