ஐந்தாம் கிரீனில் ஒரு வட்டம்

ஐந்தாம் கிரீனில் அந்த வட்டம் இன்றைக்கும் அப்படியே இருந்தது. தெய்வாத்தாள் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு அதன் அருகே போய்க் குந்தினாள். மணி ஆறரைகூட ஆகவில்லை, அதற்குள் தரையில் சூடு ஏறத் தொடங்கியிருந்தது. பந்து உருள்வதற்காக ஒட்ட வெட்டிய புல் முழுக்க மேற்கே மலையைப் பார்த்துச் சாய்ந்திருக்க, உள்ளங்கை அகலத்துக்கு அந்த ஓரிடம் மட்டும் கிழக்கே சாய்ந்து கறுத்துத் தெரிந்தது.

கோல்ஃப் மைதானத்தில் பந்து விழும் குழி இருக்கும் புல்தரைதான் கிரீன். அங்கே குழி ஒரே இடத்தில் இருக்காது. இரண்டு நாளைக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். புது இடத்தில் குழாய் மாதிரியான கட்டரை இறக்கித் திருகினால் புல்லும் மண்ணுமாக ஒரு கட்டி முழுசாக மேலே வரும். அதைக் கொண்டுபோய்ப் பழைய குழியில் இறக்கி மிதித்தால் அது மூடிக்கொள்ளும். ஆனால் கட்டி திரும்பிவிடக் கூடாது. புல்லின் சாய்வு மாறினால் பந்து அந்த இடத்தில் தடுமாறும். அதற்காகத் திருமலைசாமி, கட்டரை இறக்கும் முன்பே மலைப்பக்கமாக ஓர் ஈர்க்குச்சியைக் குத்திக்கொள்வார். கட்டியைச் சரியாக உட்காரவைத்த பிறகு அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பத்தொன்பது வருடமாக இதுதான் வழக்கம். துவைக்கும்போது ஈர்க்கு கையில் குத்தும்; தெய்வாத்தாள் புருசனைத் திட்டிக்கொண்டே எடுத்து எறிவாள்.

அவர் இறந்து இருபத்து மூன்று நாள் ஆகிறது. பங்குனிக் கடைசியில் ஒரு காலை, குழி மாற்றிக்கொண்டு வந்தவர் இதே கிரீனில்தான் சாய்ந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். "காலைல இருந்தே ஏதாச்சும் தடுமாற்றம் இருந்துச்சுங்களா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லீங்க" என்று சொல்லிவிட்டாள்.

அன்று காலை அவர் சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். "ஏனுங் மாமா, ஆரைப் பாக்கப் போறீங்க இத்தன அவசரமா?" என்று கேலி செய்தாள். அவர் சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தார். அந்தச் சிரிப்பு ஒருபக்கமாகக் கோணியதா என்று இப்போது நினைத்துப் பார்க்கிறாள். சில நாள் கோணுகிறது, சில நாள் கோணுவதில்லை.

இந்தக் கட்டியைத் திருப்பி வைத்தது அவர் கையென்றால் அவருக்கு அப்போதே புத்தி தடுமாறியிருக்கிறது. அப்படியானால் பொத்தான் வெறும் பொத்தானில்லை. அவள் கண்ணெதிரே நின்ற எச்சரிக்கை, அதைப் பார்த்துத்தான் அவள் சிரித்திருக்கிறாள். வேறு யாராவது வைத்திருந்தால் பொத்தான் வெறும் பொத்தான்தான்.

பதினோரு வருடம் அந்த மைதானத்தில் களை பிடுங்கியவள். அவர் கை பழகிய விதத்தைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான் என்று, கோடை முடியும்வரை கட்டரை அவளிடமே கொடுத்திருந்தார்கள். எல்லாக் கிரீனிலும் வேலை செய்தாள். இந்த வட்டத்தை மட்டும் தொடாமல், வெயில் தாங்காது என்று தினமும் இரண்டு மக்கு தண்ணீர் ஊற்றி வந்தாள். நேற்று சூப்பர்வைசர் ஜெஃபின் வந்து நின்றார். "ஏனுங்கக்கா, ஞாயித்துக்கெழமை போட்டி இருக்குது. இதை எடுத்துப்போட்டு வேற கட்டி வெச்சுருங்க. ஆடறவங்க என்னையத்தானுங்க திட்டறாங்க."

புல்வெட்டும் வண்டியில் முஸ்தபா வந்தார். திருமலைசாமி சாய்ந்த அன்றைக்கு அவரைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். தெய்வாத்தாள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பாய், ஒண்ணு கேக்கோணும். அன்னைக்கு இந்தக் கட்டியை ஆருங்க வெச்சது?"

முஸ்தபா இன்ஜினை அணைத்தார். வட்டத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நாந்தானுங்க அம்மணி. குழி தொறந்து கெடந்துச்சு. ஆராச்சும் காலை உட்ருவாங்கன்னு எடுத்து வெச்சு மிதிச்சேன். எனக்கு இந்தச் சாய்வு கீய்வெல்லாம் என்ன தெரியும்?"

"எழவுக்கு வந்தப்ப எதையுமே தொடலீன்னு சொன்னீங்க. தூக்கி வண்டியில போட்டுட்டு ஓடுனேன்னீங்க."

"அப்படியா சொன்னேன்?" தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார்.

"திரும்பி வந்து வெச்சீங்களா?"

"ஆமாங்க, திரும்பி வந்துதான்." சட்டென்று பிடித்துக்கொண்டார். "பொழச்சு வந்திருந்தா என்னையக் கட்டரால குத்தியிருப்பாரு மனுசன்."

இருவரும் சிரித்தார்கள். வண்டி நகர்ந்தது. புல்லின் சாய்வை எதிர்த்து ஒரு சுற்று, அதன் கூடவே ஒரு சுற்று என்று ஒழுங்காக வெட்டிக்கொண்டு போனது. சாய்வு தெரியாதவர் ஓட்டக்கூடிய வண்டி இல்லை அது. தெரிந்தவர்தான் அவளைத் தேற்றப் பொய் சொல்கிறாரா, அன்றைய பதற்றத்தில் தெரிந்தவருக்கும் மறந்துபோயிற்றா? அவளுக்கு விளங்கவில்லை.

கிரீனின் ஓரத்தில் மலைப்பக்கம் ஈர்க்குக் குத்தி நல்ல கட்டி ஒன்றை எடுத்து வைத்தாள். பிறகு வட்டத்தின் மேல் கட்டரை நிறுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, திருகினாள். ஈரமண் சுலபமாக வந்தது. புல்லை விரலால் விலக்கிப் பார்த்தாள். கிழக்கு விளிம்பில், வண்டியின் பிளேடு மேலே சீவிவிட, மண்ணுக்குள் மிஞ்சியிருந்தது ஒரு துண்டு ஈர்க்கு. ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த அவர் சட்டையின் பையில் நாலு ஈர்க்கு இருந்தன. நாலு கிரீனுக்கு நாலு. இது ஐந்தாவது. குத்தியது அவர்தான். பிடுங்காமல் விட்டது அவரா, முஸ்தபாவா?

புதுக் கட்டியைச் சரியாக உட்காரவைத்து, அதன் ஈர்க்கைப் பிடுங்கி, புடவைமேல் போட்டிருந்த அவருடைய சட்டையின் பையில் போட்டுக்கொண்டாள். இனிப் பழைய கட்டியை ஓரத்துக் குழியில் இறக்க வேண்டும். ஓரத்தில் எப்படி இருந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேற்கே பார்த்தாள். சித்திரைப் புழுதியில் மலை இருந்த பக்கம் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. கட்டியைக் குழிவாயில் வைத்து, ஈர்க்கு இருந்த விளிம்பை மேற்கே மெல்லத் திருப்பினாள். பிறகு இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.