பாதுஷா விடற புகை

வெள்ளப் புல்லு. ஊட்டிப் பனி உறைஞ்ச புல்லு. உப்பத் தூவி விட்ட மாதிரி. அதுக்கு நடுவுல, ரெண்டு மூக்குலருந்தும் புகை விட்டுக்கிட்டு ஒருத்தன் நிப்பான்.

எங்க பாதுஷா. ஏரிக்கரையில எத்தனையோ கல்யாண ஜோடிங்களச் சுமந்த குதிரை. இப்ப வயசாயிருச்சு. பல்லு தேஞ்சிருச்சு. சவாரிய நிறுத்தியாச்சு.

வைக்கோல் தூசி அவனுக்கு ஆகாது. உடம்பெல்லாம் தடிச்சுப் போகும். அவன் ஒரசி ஒரசியே கொட்டாய்க் கம்பம் வழவழன்னு ஆயிருச்சு.

எங்க வீட்டுக்காரரு ஆரோக்கியம் சும்மா இருப்பாரா? மார்கழி பொறந்ததுலருந்து தெனம் சாயங்காலம் வேப்பெண்ணெய். தலையிலருந்து வால் வரைக்கும். பச்சப் புள்ளைக்குத் தேய்க்கிற மாதிரி. பாட்டு வேற.

அரிப்பு அடங்குச்சு. நடுக்கம் ஆரம்பிச்சுச்சு.

தவிடு ஊறவச்சேன். கொள்ளு வேகவச்சு மசிச்சேன். கேரட்டத் துருவிப் போட்டேன். தின்னான். தின்னும் எளைச்சான். படிஞ்ச முடிக்குக் கீழ விலா எலும்பு, கவுத்துப் போட்ட கூடை மாதிரி.

பக்கத்துக் கொட்டாய் யாசின், அவனும் குதிரைக்காரன்தான், எட்டிப் பாத்தான். "அக்கா, இந்தப் பனியத் தாண்டமாட்டான் போலருக்கே."

அன்னிக்கே டாக்டருக்குச் சொல்லி அனுப்பினேன்.

மிருக டாக்டரம்மா வந்தாங்க. அவன் கழுத்துல கைய வச்சாங்க. உள்ளங்கை மினுங்குச்சு. "எண்ணெய் யாரு தேச்சது?" இவரு கூரையப் பாக்கறாரு.

"குளுருக்கு அவன் முடி எழுந்து நிக்கணும் ஐயா. அதுதான் அவனுக்குக் கம்பளி. நீங்க அதப் படிய வச்சுட்டீங்க. கழுவிருங்க. அரிப்புக்கு மருந்து தர்றேன். வைக்கோல நனைச்சுப் போடுங்க."

மத்தியான வெயில். வெந்நீர், வெந்நீர், வெந்நீர்.

"என்னக்கா, குதிரைக்கு வெந்நி, அண்ணனுக்குப் பச்சத் தண்ணியா?"

"நானும் கம்பத்துல ஒரசிப் பாத்துட்டேன்டா யாசினு. ஊத்தமாட்டேங்கறா."

சிரிச்சேன். கண்ணுலயும் தண்ணி. வெயில் எறங்கறதுக்குள்ள காயணுமே. துண்டு, வேட்டி, என் பழைய சேலை, எல்லாத்தையும் போட்டுத் தொடச்சோம். வேர் வரைக்கும் காஞ்சான்.

அன்னிக்குப் பாத்து அப்படியொரு பனி. குழாய்க்குள்ள தண்ணி கல்லாயிருச்சு.

விடிஞ்சும் விடியாம ஓடினேன். வெள்ளப் புல்லு. கொட்டாய் வாசல்ல அவன் நிக்கறான். புகையத் தேடறேன். காணோம்.

ஐயோ, காணோமே.

அப்புறம் பாத்தா, தலை வாளிக்குள்ள இருக்கு! ராத்திரி வச்ச தவிட்ட நக்கிக்கிட்டிருக்கான்.

முடியெல்லாம் எழுந்து நிக்குது. ஒவ்வொரு முடி நுனியிலயும் பனி. வெயில் வந்து தொட்டுச்சு பாருங்க, உடம்பு பூரா வெளிச்சம். அன்னிக்குத்தான் அவன் நெசமாவே பாதுஷா.

முடிக்குள்ள கைய விட்டேன். மேல பனி. கீழ அடுப்பு. நடுவுல ஒரு விரக்கடைதான். இந்தப் பக்கம் மார்கழி, அந்தப் பக்கம் சித்திரை. நெருப்பில்ல, கரியில்ல. யாரு மூட்டினது?

விலா எலும்பு இன்னும் கையில தட்டுது. தேற நாளாகும். ஆகட்டும்.

இவரு வந்தாரு. வெறுங்கையோட. என் கை பக்கத்துல கைய நொழைச்சாரு. எண்ணெய் இல்ல, பாட்டு இல்ல.

பாதுஷா தலையத் தூக்கினான். வெள்ளப் புல்லுக்கு நடுவுல, ரெண்டு மூக்குலருந்தும், புகை.